மின்னஞ்சல் முகவரியைத் தேடி நீக்கித் தருவதாகச் சொல்லும் கட்டணச் சேவைகள்: ஓர் எச்சரிக்கை

நமது மின்னஞ்சல் முகவரி இணையத்தில் எந்தெந்த ஆவணங்களில் இருக்கிறது என்பதை ஒன்று விடாமல் தேடி எடுத்து, அவற்றை நீக்கியும் தருவதாக விளம்பரம் செய்த ஒரு சேவையிடம் அண்மையில் பணத்தை இழந்தேன். அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பணம் செலுத்தியபின் வந்த அறிக்கை பார்வைக்குக் கனமாகத்தான் இருந்தது. இணைப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் சாயம் வெளுத்தது. கருத்தரங்கு ஒன்றின் பங்கேற்பாளர் பட்டியல் அடங்கிய ஒரே பிடிஎஃப் கோப்பு, அதன் இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மட்டும் மாறியிருந்த காரணத்தால், வெவ்வேறு ஆவணங்களாகத் திரும்பத் திரும்பக் கணக்கில் ஏற்றப்பட்டிருந்தது. வேறு பல பக்கங்களில் அட் குறிக்கு முந்தைய பெயர் மட்டுமே என்னுடையதோடு ஒத்துப்போனது, அதற்குப் பின்னால் வரும் தளப்பெயர் (டொமைன்) வேறு. முன்பின் அறியாத ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளும் தொடர்பு விவரங்களும் என் கணக்கில் சேர்க்கப்பட்டு எனக்கே விற்கப்பட்டிருந்தன. (என் விவரங்கள் இதேபோல் யாருடைய அறிக்கையில் போய்ச் சேர்ந்தனவோ!)

அறிக்கையில் சரியாக இருந்தவற்றையெல்லாம் கூகுளில் காசு செலவின்றி என்னால் எடுக்க முடிந்தது. முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேட வேண்டும். குறிகள் இல்லாவிட்டால் முகவரி துண்டுபட்டு, பெயர் மட்டும் பொருந்தும் பக்கங்களும் வந்து கலக்கும். அதனுடன் ஃபைல்டைப் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல் பிடிஎஃப் என்று சேர்த்தால் (filetype:pdf) அவ்வகைக் கோப்புகள் மட்டும் வரும். கடவுச்சொல் கேட்கும் பக்கங்களுக்குள் இருப்பவை எந்தத் தேடுபொறிக்கும் எட்டாதவை என்பதால், 'இணையம் முழுவதும்' என்ற வாக்குறுதியே பொய்.

நீக்கும் பணி இதைவிட மோசம். அவர்கள் செய்ததெல்லாம், தேடல் முடிவிலிருந்து இணைப்பை அகற்றுமாறு கூகுளுக்கு விண்ணப்பித்தது மட்டுமே. அந்த விண்ணப்பத்தை நாமே இலவசமாக அனுப்பலாம். 2022 முதல் அதற்கென ஒரு தனிக் கருவியையும் கூகுள் பல நாடுகளில் படிப்படியாக வழங்கி வருகிறது. ஆனால் முடிவிலிருந்து இணைப்பு மறைந்தாலும் கோப்பு அதே தளத்தில்தான் கிடக்கும். கருத்தரங்க அமைப்பாளருக்கு நான் நேரடியாக எழுதிய பிறகே அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது.

'உறுதிப்படுத்துவதற்காக' என்று சொல்லி எனது அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லையும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. பொதுவெளியில் தேடுவதற்கு அது எதற்கு? தரவுக் கசிவில் முகவரி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கும், இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் முகவரியை மட்டுமே கேட்கிறது; கட்டணமும் இல்லை.

அறிக்கை அனுப்பியதுமே பணி முடிந்துவிட்டதாகக் கூறிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர்கள், சந்தாவை மட்டும் தாமாகவே புதுப்பித்துக்கொண்டார்கள். கணக்குப் பக்கத்தில் ரத்து செய்யும் பொத்தானே இல்லாததால், கார்டு வழங்கிய வங்கியிடம் புகார் அளித்து அடுத்த பிடித்தங்களை நிறுத்தினேன்; முதலில் கட்டிய தொகை இன்னும் வரவில்லை.