தீபாவளித் தையல் பட்டியலுக்கு ஒற்றைப் பதிவுப் பக்கம்: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைத்தொழில் செய்துகொண்டு, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்ட நினைப்பவர்கள், ஒற்றைப் பக்க இணையத்தளம் கட்டித் தரும் கார்ட் (Carrd) தளத்தில் ஒரு பதிவுப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ஆர் எழுத்தை இரட்டித்து எழுதுவார்கள். தேடும்போது கடன் அட்டை விளம்பரங்களில் போய் விழுந்துவிடாதீர்கள். நான் கட்டும் ஆண்டுச் சந்தா 19 அமெரிக்க டாலர். இதைவிட மலிவாக 9 டாலருக்கும் ஒரு திட்டம் உண்டு, ஆனால் அதில் பதிவுப் படிவம் கிடையாது. படிவம் இல்லாத பதிவுப் பக்கத்தை வைத்துக்கொண்டு அழகு பார்க்கவா முடியும்?

சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைக்கிறேன். ஆரி வேலையும் செய்கிறேன். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் என்னால் எடுக்கக்கூடிய ஆர்டர்களுக்கு ஓர் அளவு உண்டு, கேட்பவர்களுக்கு அளவே இல்லை. “அக்கா, இன்னும் இடம் இருக்கிறதா?” என்று நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஆர்டர் திறக்கும் நாளை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது அல்லவா? வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் என் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இன்ஸ்டகிராமிலோ, யார் கண்ணில் எதைக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம் தீர்மானிக்கிறது. மின்னஞ்சல் பழைய வழிதான். ஆனால் பட்டியல் என் கையில் இருக்கும். எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

என் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். மேலே ஒரே ஒரு படம்: பின்கழுத்தில் மாங்காய் வடிவ ஆரி வேலை செய்த ஒரு பட்டு ரவிக்கை. அதன்கீழே “தீபாவளித் தையல் ஆர்டர்கள் திறக்கும் நாளை உங்களுக்கு முதலில் சொல்கிறேன்” என்று ஒரு வரி. பிறகு மின்னஞ்சலுக்கு ஒரு பெட்டி, “எனக்கும் சொல்லுங்கள்” என்று ஒரு பொத்தான். மெனு கிடையாது. “எங்களைப் பற்றி” கிடையாது. இன்ஸ்டகிராம் இணைப்பையும் எடுத்துவிட்டேன், அதை அழுத்தியவர் யாருடைய சமையல் காணொளியிலோ போய் உட்கார்ந்துகொள்வார், திரும்பி வர மாட்டார். பதிவுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குவதன் பயன் இதுதான். வந்தவருக்கு அங்கே செய்வதற்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும்.

பதிவு செய்பவருக்கு ஓர் அன்பளிப்பும் உண்டு: அச்சடித்துக்கொள்ளக்கூடிய ரவிக்கை அளவு அட்டை. மார்புச் சுற்றளவு, தோள் அகலம், கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம் என்று ஒவ்வொன்றையும் எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்பதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். பரிசுக் குலுக்கல் வைத்தால் கூட்டம் கூடும் என்று பலர் சொன்னார்கள். கூடும்தான், புடவையே கட்டாதவர்களும் கூடுவார்கள். அளவு அட்டையை வேண்டிப் பதிவு செய்பவர் எப்படியும் ரவிக்கை தைக்கப் போகிறவர். “அளவு ரவிக்கையை எடுத்து வர மறந்துவிட்டேன் அக்கா” என்கிற பேச்சும் இப்போது குறைந்துவிட்டது. எனக்கு அதுவே பெரிய லாபம்.

ஆரி வகுப்புக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். இந்தச் சந்தாவில் பத்துத் தளங்கள் வரை அமைக்கலாம் என்பதால் கூடுதல் செலவில்லை. தைத்துக்கொள்ள வருபவரும் கற்றுக்கொள்ள வருபவரும் வேறு வேறு ஆட்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் திணித்தால் இருவருமே இது நமக்கில்லை என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

கார்ட் பக்கத்தை மட்டும்தான் தரும். பட்டியலை வைத்திருந்து கடிதம் அனுப்ப வேறொரு சேவை வேண்டும். நான் பயன்படுத்துவது லித்துவேனியாவில் தோன்றிய மெயிலர்லைட். அதிலேயே பதிவுப் பக்கமும் கட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம். இருந்தும் நான் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தைத்து முடித்த ஒவ்வொரு ரவிக்கையின் உறையிலும் கியூஆர் குறியீடு அச்சிட்ட ஓர் அட்டையைச் செருகி அனுப்புகிறேன். தேக்கா நிலைய மாடியில் புடவைக் கடை வைத்திருக்கும் தோழியின் கல்லாவுக்கு அருகிலும் அதே குறியீடு ஒட்டியிருக்கிறது. மின்னஞ்சல் சேவைகளின் இலவசத் திட்டங்களோ நிலையில்லாதவை. மெயில்சிம்ப்பில் ஒருகாலத்தில் 2,000 பேர் வரை இலவசம்; பிறகு அது 500 ஆகச் சுருங்கியது. நாளைக்கே நான் சேவையை மாற்றினாலும், சொந்த டொமைனில், அதாவது நானே காசு கொடுத்து வாங்கிய இணையப் பெயரில், இருக்கும் பக்கத்தின் முகவரி மாறாது. அட்டைகளை மறுபடி அச்சடிக்க வேண்டாம், தோழியின் கல்லாவைச் சுரண்ட வேண்டாம்.

இதற்கு முன் எல்லாவற்றையும் ஒன்றாகத் தருவதாகச் சொல்லும் ஒரு சேவையில் இருந்தேன். பெயர் வேண்டாம். பக்கம், கடிதம், கட்டணம், பாடம் எல்லாம் ஒரே கூரையின்கீழ். அது கடையில் தொங்கும் ரெடிமேட் ரவிக்கையைப் போன்றது, எல்லோருக்கும் என்று தைத்தது யாருக்கும் சரியாகப் பொருந்தாது. தமிழ்த் தலைப்பில் “தீ” என்ற எழுத்தின் மேற்சுழி பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. தீபாவளிப் பக்கத்தில் தீபத்துக்கே தலை இல்லை! உதவிக்கு எழுதினால், வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் பட்டியலில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை.

தமிழில் பக்கம் கட்டுபவர்கள் எந்தக் கருவியிலும் இரண்டைக் கவனியுங்கள். தலைப்புகளுக்கு எழுத்து இடைவெளி தானாகவே சேர்க்கப்பட்டிருக்கும், அதைச் சுழியமாக்குங்கள். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். எழுத்துருவைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் கைப்பேசி தன்னிடம் இருப்பதைக் காட்டும். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என். இரண்டுமே படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன.

பதிவு செய்தவருக்கு உடனே ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போகும். அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் பட்டியலில் சேர்வார். இதில் சிலர் உதிர்ந்துபோவார்கள். போகட்டும். முகவரியைத் தவறாகத் தட்டியவர்களும் அக்கறையில்லாதவர்களும் அங்கேயே கழிந்துவிடுகிறார்கள். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பைக் கூட்டியிருக்கின்றன. கடிதம் கிடைத்தவர்களில் 1,000 பேருக்கு 3 பேர் குப்பை அஞ்சல் என்று குறித்தாலே மற்றவர்களுக்கும் கடிதம் போய்ச் சேர்வது சந்தேகம்தான். சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து இப்படிக் கூட்டமாக அனுப்புவதும் இனி உதவாது. சொந்த டொமைன் வாங்கி, மின்னஞ்சல் சேவை தரும் சில வரிகளை அதன் அமைப்பில் ஒட்ட வேண்டும். சலிப்பான வேலை, ஒரு தடவை செய்தால் போதும்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி எதற்காக முகவரியைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். என் பொத்தானுக்குக் கீழே ஒரே வாக்கியத்தில் அது இருக்கிறது. தேவைக்கு மேல் எதையும் கேட்காதீர்கள். தையல் வகுப்பு ஒன்றின் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்டிருந்ததைப் பார்த்துத் திகைத்துப் போனேன். ஊசி பிடிக்க அது எதற்கு? விலகிக்கொள்ள விரும்புபவருக்கு வழி இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த இணைப்பை மின்னஞ்சல் சேவையே கடிதத்தின் அடியில் போட்டுவிடும்.

அதே அடிப்பகுதியில் இன்னொன்றும் வரும்: அனுப்புபவரின் அஞ்சல் முகவரி. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது அது. இந்தச் சேவைகள் உலகெங்கும் அதைப் பின்பற்றுகின்றன. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் இங்கே விழித்துக்கொள்ள வேண்டும். புளோக் எண், வீட்டு எண் எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேரும். நான் சிங்போஸ்ட்டில் தபால் பெட்டி எடுத்து அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தைக் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

செலவுக் கணக்கு: 19 டாலர் சந்தா, டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம், தபால் பெட்டி வாடகை. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு என்பதால் ரசீதில் விலை கூடித் தெரிந்தால் பதற வேண்டாம். மொத்தமும் சேர்ந்து, கனமான ஆரி வேலை செய்த ஒரு ரவிக்கையின் கூலிக்குள் அடங்கிவிடுகிறது.

முப்பது வாடிக்கையாளர்கள்தான், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் என்றால் உங்களுக்கு இது எதுவும் வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும். உணவு விற்பவர்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்று சுட்ட அதிரசத்துக்கு நாளை படிக்கப்படும் மின்னஞ்சலால் பயனில்லை. ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே திறக்கும் ஆர்டர், வகுப்பு, முன்பதிவு என்று இருப்பவர்கள் தாராளமாகப் பணம் கட்டலாம்.