இசைப் பட்டம் வாங்கப் போகிறீர்களா? ரசீது யார் பெயரில் என்று முதலில் பாருங்கள்

பகலில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், மாலையில் நாலு பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. திருவையாறு அரசு இசைக் கல்லூரி பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் தினமும் போக வேண்டும், வேலையை விட முடியாது. அதனால்தான் 'ஞாயிறு மட்டும் வகுப்பு, 3 வருடத்தில் இசைப் பட்டம்' என்ற பலகையில் விழுந்தேன். வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் 'தஞ்சாவூர் மையம்' என்றார்கள்.

படித்தால் என்ன வேலை என்று கேட்டேன். கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியர், வானொலியில் கலைஞர், சினிமா ரெக்கார்டிங் என்று ஒரே மூச்சில் அடுக்கினார்கள். 1,35,000 ரூபாய், மூன்று தவணை. ரசீது ஏதோ ஒரு அறக்கட்டளை பெயரில் இருந்தது. நான் தொகையை மட்டும் சரிபார்த்தேன். கணக்கு எழுதுகிறவள்!

வகுப்பில் சுருதிப் பெட்டி கூடக் கிடையாது. யாராவது மொபைலில் தம்பூரா ஆப்பை ஓட விட வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் யாரும் வரவில்லை. ஆபீஸ் பையன் வீடியோ எடுத்தான். வர்ணத்தில் முக்தாயி ஸ்வரத்தோடு முதல் பாதி முடிந்து, அடுத்த பாதியான சரணத்துக்கு வாயைத் திறக்கிறேன், "போதும்க்கா, மெமரி ஃபுல்" என்றான். 87 மார்க் வந்தது. சந்தோஷப்பட்டேன், அதுதான் வெட்கம்.

கேந்திரிய வித்யாலயா ஒன்றில் ஒப்பந்த வேலைக்குப் போனேன். சான்றிதழைப் பார்த்தவர், "எங்கேம்மா படிச்சீங்க?" என்றார். "தஞ்சாவூர்ல சார்." "இவங்களுக்கு அங்க மையமே இருக்கக் கூடாதே." மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது, படிப்பை வேறு யாரிடமும் நடத்தக் கொடுக்கவும் (ஃபிரான்சைஸ்) கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதி. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லாதபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. வானொலிக்கு ஆடிஷனில் பாடித் தேற வேண்டும். பி, பி-ஹை, ஏ என்று தரம் கொடுப்பது பாட்டைக் கேட்டுத்தான், பட்டத்தைப் பார்த்து அல்ல. ரெக்கார்டிங்கிலும் பட்டத்தை யார் கேட்கப் போகிறார்கள்? ஆக, அவர்கள் சொன்ன மூன்றில் பட்டம் தேவைப்படுவது பள்ளி வேலைக்கு மட்டும். அதற்கு இந்தப் பட்டம் செல்லாது.

தொலைநிலைப் படிப்பில் சேருகிறவர்கள் யுஜிசி தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். அனுமதி ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அது இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது.

மையம் இருந்த மாடியில் இப்போது நீட் பயிற்சிப் பலகை தொங்குகிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். என்னோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.