ஐஆர் கோப்பு ஆயிரம் இருந்தாலும் கைக்கு வருவது ஆறுதான்

நிஜ அறையின் எதிரொலியைப் பாட்டின் மேல் பூசும் கன்வல்யூஷன் ரிவெர்ப் என் மிக்ஸுக்குள் (குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் வேலைக்குள்) நுழைந்து நான்கு வருடம் ஆகப் போகிறது. முதல் ஆறு மாதம் பாட்டு மிக்ஸ் செய்ததைவிட அதற்கு வேண்டிய ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்புகளை இறக்கியதுதான் அதிகம். தேவாலயம், சுரங்கம், காலித் தொட்டி, எதையும் விட்டுவைக்கவில்லை. இன்று அடிக்கடி தொடுவது ஆறே ஆறு.

ஓர் அறையில் ஸ்பீக்கர் வழியாக சைன் ஸ்வீப்பை (கீழிருந்து மேல்வரை ஏறும் ஒற்றைத் தொனியை) ஓடவிட்டுப் பதிவுசெய்து, அதிலிருந்து பிரித்தெடுத்த எதிரொலியின் அச்சுதான் ஐஆர். அந்த ஸ்பீக்கரின் குணமும் மைக்கின் குணமும் அதில் ஒட்டிக்கொண்டே வரும். ஒரே அரங்கை இருவர் பதிவுசெய்தால் இரண்டு விதமாகக் கேட்பது இதனால்தான். கோப்பின் பெயரைப் பார்த்து மயங்குவதை அப்போதுதான் விட்டேன்.

1999-இல் சோனியின் டிஆர்இ-எஸ்777 வந்தபோது இந்த வேலைக்குத் தனிப் பெட்டியே வேண்டியிருந்தது. இப்போது லேப்டாப்பே போதும் என்ற தைரியத்தில் எட்டு ட்ராக்கிலும் ரிவெர்பைத் தனித்தனியாகப் போட்டேன். லேப்டாப் திணறி, சத்தம் வெடிக்க ஆரம்பித்தது. அப்புறம் ரிவெர்புக்கென ஒரே பஸ் (பொதுத் தடம்), எல்லா ட்ராக்கிலிருந்தும் அதற்கு ஒரு சென்ட் (ஒலியின் நகல்) என்று மாறினேன். அங்கேயும் ஒரு தப்பு: பஸ்ஸில் மிக்ஸ் குமிழை, அதாவது எதிரொலியின் பங்கை, 30 சதவீதத்தில் விட்டிருந்தேன். சென்ட்டை ஏற்ற ஏற்ற எதிரொலியோடு நேரடிக் குரலும் சேர்ந்து ஏறியது. குரல் பின்னால் போகவே மாட்டேன் என்கிறதே என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வெட் (எதிரொலிப் பங்கு) 100 இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ப்ரீ-டிலேயில் (குரலுக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளியில்) ஏமாந்த கதை இன்னும் சுவாரசியம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டு, கால் நோட்டு 500 மில்லிசெகண்ட், அதை 16-ஆல் வகுத்து 31 வைத்தேன். குரலும் எதிரொலியும் ஒட்டவே இல்லை. ஐஆரை அலைவடிவில் பெரிதாக்கிப் பார்த்தால் தொடக்கத்திலேயே 20 மில்லிசெகண்ட் வெறுமை. மைக் ஏழு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வந்துசேர அந்த நேரம் பிடிக்கும், கோப்பில் அதை யாரும் வெட்டவில்லை. ஆக, நான் வைத்தது 51. இப்போதெல்லாம் முதலில் தலையை வெட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

எதிரொலி தேய்ந்து மறையும் வாலையும் வெட்டுகிறேன். ஆறு செகண்ட் அரங்கை இரண்டே கால் செகண்டுக்குக் குறைத்தாலும் முழு வாத்தியங்கள் ஓடும் இடத்தில் யாருக்கும் தெரியாது, சிபியு மட்டும் மூச்சு விடும். ஆனால் ஃபேட் கொடுத்து மெல்லத் தேய்க்காமல் வெட்டினால் கதவைச் சாத்தியது போல எதிரொலி சட்டென்று நிற்கும்.

ஈக்யூவை (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் ஏற்றி இறக்குவதை) ரிவெர்புக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று நிறையச் சண்டை நடக்கிறது. கன்வல்யூஷன் நேரியல் கணக்கு, அதனால் எங்கே போட்டாலும் விளைவு ஒன்றுதான். சீறல் ஒலியை அடக்கும் டீ-எஸ்ஸர் அப்படியில்லை, அது முன்னால்தான். 'ச', 'ஸ' எல்லாம் அரங்கு முழுக்கச் சீறிய பிறகு பிடித்து என்ன பயன்?

பாடகர் ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடும்போது மட்டும் தாமதமின்றிக் கேட்கும் ஜீரோ லேட்டன்சி மோடை இயக்குகிறேன், மிக்ஸில் அணைத்துவிடுவேன்.

ஒரு குறை நாலு வருடத்திலும் தீரவில்லை. ஐஆர் உறைந்துபோன ஓர் அறை, உள்ளே எதுவும் அசையாது. பியானோவுக்கும் குரலுக்கும் அது பரவாயில்லை. நீண்டு தொங்கும் சிந்த் பேடில் (சிந்தசைசரின் நீள் ஒலியில்) வால் கண்ணாடி போல விறைப்பாகக் கேட்கிறது. அங்கே மட்டும் மாடுலேஷன் (எதிரொலியை மெல்ல அசைப்பது) உள்ள, கணக்கால் எதிரொலியை உருவாக்கும் பழைய அல்காரிதமிக் ரிவெர்புக்கே திரும்பிவிட்டேன்.