நாய்க்குப் பாக்கெட் உணவா, வீட்டுச் சமையலா? இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு

எங்கள் நாய்க்கு எட்டு மாதம் வீட்டில் சமைத்துப் போட்டேன். அதன் பிறகு ஒரு வருடமாகப் பாக்கெட் உணவுதான். நான் பாக்கெட் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்சி மாறியவன் என்பதால் அந்தப் பக்கத்து நியாயமும் தெரியும்.

ருசியில் போட்டியே இல்லை. கோழி வேகும் வாசனை வந்ததுமே அடுப்படி வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். தட்டு அரை நிமிடத்தில் காலி. காலித் தட்டை மூக்கால் சுவர்வரை தள்ளிக்கொண்டே போகும். பாக்கெட்டுக்கு மாறிய முதல் வாரம் ஒவ்வொரு உருண்டையாகக் கவ்விக்கொண்டு போய்த் தன் பாயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. வசதி எதில் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீரை மட்டும் கவனிக்க வேண்டும்: சமைத்த உணவில் முக்கால்வாசி நீர்தான், உலர் உணவிலோ 10 சதவீதம் இருந்தால் பெரிது. மாறிய பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது.

'நல்ல கறி, சோறு, காய் போடுகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?' என்றுதான் நானும் இருந்தேன். என்னை மாற்றியது கால்சியம்.

எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான். நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் குறைந்தது ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு. சோறும் காயும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஓநாய் இரையை எலும்போடு தின்கிறது. நாம் எலும்பை எடுத்துவிட்டுப் போடுகிறோம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் எடுத்துத்தான் ஆக வேண்டும். குறைகிற கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே கரைத்து ரத்தத்துக்கு அனுப்பிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும்! எலும்பு மெலிந்துகொண்டே இருக்க, நாய் பாட்டுக்கு ஓடும், குரைக்கும்.

சரி, முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்துச் சேர்த்தேன். ஒரு டீஸ்பூனில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் கிடைக்கும். பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால் அடுத்து துத்தநாகம் வந்து நின்றது. கால்சியத்தை அள்ளிப் போட்டால் துத்தநாகம் உடம்பில் சேராது. அப்புறம் அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ. ஈரலைக் கூட்டினால் வைட்டமின் ஏ எகிறும். 2013-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசினார்கள். 95 சதவீதத்தில் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு.

ஒரு வாரம் நான் வெளியூர் போயிருந்தேன். வீட்டில் யாரும் ஓட்டுத்தூள் டப்பாவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நாய் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. சமையலில் உப்பு குறைந்தால் வாயே சொல்லிவிடும். இதில் யார் சொல்வது?

பாக்கெட் உணவு யோக்கியம் என்று சத்தியம் செய்யவில்லை. 2007-இல் வட அமெரிக்காவில் உணவில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தயாரிப்பு ரசாயனம் கலந்து நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. படத்தைப் பார்த்து வாங்காமல், 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வாசகமும் எந்த வயது நாய்க்கு என்பதும் பையில் இருக்கிறதா என்று தேடுங்கள். திறந்த பையில் கொழுப்பு மெல்லச் சிக்கடிக்கும், பெரிய பையாக வாங்க வேண்டாம். நாயின் எடையும் ஏறும்: உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 400 கலோரி. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி சுமாராகப் போதும், அதாவது 160 கிராம். நான் டம்ளரால் அள்ளிப் போட்டு மூன்று மாதத்தில் ஒரு கிலோ ஏற்றிவிட்டேன். இப்போது தராசில்தான்.

நான் சொல்வதெல்லாம் நோய்நொடியில்லாத, வளர்ந்த ஒரே ஒரு நாயை வைத்து. சிறுநீரகக் கோளாறு, உணவு ஒவ்வாமை என்றால் கால்நடை உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வீட்டுச் சமையலே சரியாக அமையலாம். குட்டிக்கு மட்டும் கண்ணளவில் சமைத்துப் போடாதீர்கள். வளரும் எலும்பு வளைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் படாமல் வேகவைத்த கோழி ஒரு பிடி மேலே தூவுகிறேன். அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சமநிலை கெடாது. கோழியை மட்டும் பொறுக்கி முடித்துவிட்டு, உருண்டைகளை அரை மணி நேரம் கழித்துத்தான் தொடுகிறது.