ஒரே கேபினட்டில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள்: வெப்பத்தைக் கையாண்ட நீண்டகால அனுபவம்

முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வதற்காக, அதாவது அவற்றைக் கணக்கிட்டு இறுதிப் படங்களாக்குவதற்காக, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டை ஒரே மேசைக் கணினியில் பொருத்திச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். விளையாட்டுக்காக இரண்டு கார்டுகள் வாங்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ரெண்டர் செய்வது, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை இயக்குவது போன்ற, சுமையைப் பிரித்துக்கொள்ளக்கூடிய பணிகளில் இரண்டாவது கார்டின் பயன் இன்றும் குறையவில்லை. இப்பணிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: விளையாட்டில் சுமை ஏறி இறங்கும்; இவற்றிலோ இரண்டு கார்டுகளும் மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் முழுத் திறனில் உழைக்கும். ஒரு கார்டுக்கு 350 வாட் என்றால் இரண்டுக்கும் 700 வாட். அவ்வளவும் வெப்பமாகி, கேபினட்டை விட்டு வெளியேறியாக வேண்டும்.

இரண்டு கார்டுகளும் ஒரே அளவுக்குச் சூடாவதில்லை. கீழே உள்ள கார்டு ஓரளவு நிம்மதியாக இருக்கும்போது, மேலே உள்ளது 83 டிகிரியைத் தொட்டு, அதற்கு மேல் போகாதிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்டுகள் பொருத்தப்படும் விதமே இதற்குக் காரணம். வழக்கமான கேபினட்டில் கார்டின் விசிறிகள் கீழ்நோக்கியும் முதுகுத் தகடு மேல்நோக்கியும் இருக்கும். ஆகவே கீழ்க் கார்டின் சூடான முதுகுக்கு நேர் மேலே நின்றுதான் மேல் கார்டு தனக்கு வேண்டிய காற்றை இழுக்கிறது. 3090-இல் இது இன்னும் கடுமையாகிறது. அதன் 24 நினைவகச் சில்லுகளில் 12 பின்புறத்திலேயே அமைந்துள்ளன. ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் இயல்பாகவே சூடேறும் வகையைச் சேர்ந்தது. கார்டின் மையச் சில்லு 70 டிகிரி காட்டும் வேளையில் நினைவகம் 100-ஐ நெருங்கியிருக்கலாம். அது 110-ஐ எட்டினால் கார்டு வேகத்தைக் குறைத்துவிடும். எனவே மைய வெப்பநிலையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில் பொருளில்லை. நினைவகச் சில்லின் உள்ளே நிலவும் சந்தி வெப்பநிலையையும் காட்டும் கண்காணிப்பு மென்பொருள் இத்தகைய கணினிக்கு இன்றியமையாதது.

இதற்கான முதல் தீர்வு விசிறியில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது. கார்டுகளைச் செருகும் விரிவாக்கச் சாக்கெட்டுகளுக்கு இடையிலான நியமத் தூரம் 20.32 மி.மீ.; இதையே ஓர் ‘இடம்’ என்கிறேன். மூன்று இடங்களை அடைக்கும் கார்டு ஏறத்தாழ 60 மி.மீ. தடிமன் கொண்டது. இரண்டு நீளமான சாக்கெட்டுகளும் மூன்று இடத் தூரத்தில் இருந்தால் கார்டுகள் ஒட்டிக்கொள்ளும். நான்கு இடத் தூரத்தில் இருந்தால் சுமார் 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த இரண்டு சென்டிமீட்டர், நான் கூடுதலாக வாங்கிய எந்த விசிறியையும் விட அதிகம் உதவியது. ஆனால் கீழ்க் கார்டு அவ்வளவு கீழே இறங்கும்போது, பின்புறத்தில் ஏழு இடங்கள் மட்டுமே உள்ள கேபினட் பல நேரங்களில் போதாது. எட்டு இடங்கள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள், வெப்பக் காற்றைப் பின்பக்கமாகவே வெளியே தள்ளும் புளோயர் வகைக் கார்டுகளை நாடலாம். அவை நெருக்கமாக நின்றாலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் அவற்றின் இரைச்சலோடு ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்ய என்னால் முடியாது.

இரண்டாவது, என் பார்வையில் மிக முக்கியமான தீர்வு, கார்டு எடுக்கக்கூடிய உச்ச மின்திறனான மின்வரம்பைக் குறைப்பது. ஒரு சில்லு செலவிடும் மின்திறன் அதன் கடிகார வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்கிறது. கடைசிச் சில மெகாஹெர்ட்ஸ்களை எட்டுவதற்காக மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருப்பதால், உச்ச வேகத்துக்கு அருகில் செலவாகும் மின்சாரத்துக்கு ஈடான பயன் கிடைப்பதில்லை. 350 வாட் வரம்பை 280-க்கு இறக்கினால் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ரெண்டர் நேரமோ அந்த விகிதத்தில் கூடுவதில்லை. நீண்ட வேலைகளில், வெப்பத்தால் வேகம் குறைந்து தடுமாறிக்கொண்டிருந்த மேல் கார்டு இப்போது சீராக ஓடுவதால், இழப்பை நான் உணரவே இல்லை. கட்டளைவரியில் இந்த வரம்பை அமைத்தால் கணினியை மறுபடி தொடங்கும்போது அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், தொடக்கத்திலேயே தானாக இயங்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்பதைக் குறிக்கும் மின்னழுத்த வளைவைக் கையால் சரிசெய்வோர் இன்னும் சற்றுச் சிறந்த விளைவைப் பெறலாம். ஆனால் இரவெல்லாம் ஓடும் வேலை பாதியில் நின்றுபோகும் வாய்ப்பும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

விசிறிகளைப் பொறுத்தவரை, அவற்றின் எண்ணிக்கையை விட அவை எதைப் பார்த்துச் சுழல்கின்றன என்பதே முக்கியம். மதர்போர்டுகள் பெரும்பாலும் கேபினட் விசிறிகளின் வேகத்தைக் கணினியின் முதன்மைச் செயலியான சிபியுவின் வெப்பநிலையோடு இணைத்துவைக்கின்றன. கார்டுகளில் ரெண்டர் நடக்கும்போது சிபியு சும்மா இருக்கும். கேபினட் உள்ளே கொதித்துக்கொண்டிருக்க, விசிறிகள் நிதானமாகச் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டில் அதிகமாகச் சூடாகும் கார்டின் வெப்பநிலையைப் பின்பற்றும்படி ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளின் வழியே மாற்றியமைத்த பிறகே முன்புற விசிறிகளால் உண்மையான பயன் கிடைத்தது. அடியிலிருந்து மேல்நோக்கி ஊதும் விசிறிகள் கீழ்க் கார்டுக்கு நேரடியாக உதவுகின்றன. உள்ளே வரும் காற்று வெளியேறுவதை விடச் சற்று மிகுந்திருந்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறைகிறது.

ரைசர் எனப்படும் நீட்டிப்புக் கேபிள் கொண்டு ஒரு கார்டைத் தள்ளிப் பொருத்தும் முறையையும் முயன்றேன். வெப்பநிலை நன்றாகவே குறைந்தது; ஆனால் நான் வாங்கிய கேபிள், கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை வேகத்தில் பிழைகளைத் தந்ததால், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயோஸில் மூன்றாம் தலைமுறைக்கு இறக்க வேண்டியிருந்தது. ரெண்டருக்கு அதனால் பெரிய இழப்பில்லை என்றாலும், இடைவெளி போதுமான மதர்போர்டு இருக்கும்போது அந்தக் கேபிளைத் தொடர்வதற்குக் காரணம் இல்லை. திரவக் குளிர்விப்பு இரண்டு கார்டுகளையும் ஒரு இடத் தடிமனுக்குச் சுருக்கிவிடும் என்பது உண்மை. பராமரிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன்.

காலப்போக்கில் வெளிப்படும் மாற்றம் ஒன்று உண்டு. மைய வெப்பநிலைக்கும் அதன் மிகச் சூடான புள்ளிக்கும் இடையிலான வேறுபாடு மெல்ல மெல்லக் கூடியது, அதுவும் மேல் கார்டில் மட்டும். சூடாகிக் குளிரும் சுழற்சியில், சில்லிலிருந்து ஹீட்சிங்க் என்னும் உலோகக் குளிர்விப்பானுக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் விளிம்புகளை நோக்கிப் பிதுங்கிப்போவதன் அறிகுறி இது. பேஸ்ட்டுக்குப் பதிலாக, சூட்டில் இளகும் தாள் வகையை வைத்து, நினைவகத்தின் மீது வெப்பம் கடத்த வைக்கப்படும் மென்மையான தெர்மல் பேடுகளையும் அதே தடிமனில் மாற்றியபின் வேறுபாடு பழைய அளவுக்கு இறங்கியது. பேடின் தடிமன் அரை மி.மீ. கூடினாலும் ஹீட்சிங்க் மையச் சில்லின் மீது சரியாக அமராது. கழற்றிய பேடை அளந்து பார்க்காமல் புதியதை வாங்கக் கூடாது.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது அறைதான். கேபினட் துப்பிய வெப்பம் அறையில்தான் சேர்கிறது. அறை ஒரு டிகிரி சூடானால் கார்டுகளும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகின்றன. மூடிய சிறிய அறையில் இரண்டு மணி நேரம் ரெண்டர் ஓடியபின் வரும் அளவுகள், முதல் பத்து நிமிடத்தில் வரும் அளவுகளோடு ஒத்துப்போவதே இல்லை. அதனால் எந்த மாற்றத்தைச் சோதித்தாலும் அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன். நீளமான வேலைகளை இரவுக்கு ஒதுக்கிக் கதவைத் திறந்துவைக்கிறேன்.