ஆணா, பெண்ணா, இருபாலா? எந்தப் பப்பாளியை நடுவது?

பப்பாளி நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, இது காய்க்கும், இது காய்க்காது என்று சொல்ல யாராலும் முடியாது. விதையின் நிறத்தைப் பார்ப்பவர்கள் உண்டு, ஆணிவேரின் வடிவத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. எதையும் நம்பி நாற்றைப் பிடுங்கி எறிய வேண்டாம். இலைத்துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஆய்வகத்தில் பாலினத்தைக் கண்டறியலாம் என்றாலும், ஓர் ஏக்கருக்கான ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு அந்தச் செலவு கட்டாது. பூ வரும்வரை நான்கைந்து மாதங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் முதல் முடிவை விதை வாங்கும்போதே எடுத்துவிடுகிறோம்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.2, கோ.5, கோ.6, கோ.8 ஆகிய இரகங்களில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக வரும். கோ.3, கோ.7, கூர்க் ஹனி டியூ, தைவான் ரெட் லேடி ஆகியவற்றில் ஆண் மரம் கிடையாது. பெண் மரமும், ஒரே பூவில் காயாக வளரும் சூலகத்தையும் மகரந்தத்தையும் சுமக்கும் இருபால் மரமும் வரும். கோ.2 இரகத்தை ஹவாய்த் தீவின் சன்ரைஸ் சோலோவுடன் கலந்து 1983இல் வந்ததுதான் கோ.3.

இந்த வேறுபாடு கணக்கில் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். ஆண், பெண் இரகத்தில் விதைகள் பாதிக்குப் பாதி. குழிக்கு ஒரே நாற்று வைத்தால் பாதித் தோட்டம் காய்க்காது. அதனால் பல நாற்று வைத்து, பூத்ததும் வேண்டியதை மட்டும் நிறுத்தி மற்றவற்றை வெட்டிவிடுகிறோம். மூன்று வைத்தால் எட்டில் ஒரு குழியில் மூன்றுமே ஆணாகிவிடும். நான்கு வைத்தால் அது பதினாறில் ஒன்று. ஆறடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,200 குழிகள் என்று கொண்டால், மூன்று நாற்று முறையில் 150 குழிகளிலும் நான்கு நாற்று முறையில் 75 குழிகளிலும் ஆண் மட்டுமே நிற்கும். இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் மகரந்தத்துக்குத் தேவை, அதாவது ஏறக்குறைய 60 மரங்கள். நான்கு நாற்று முறை கிட்டத்தட்ட அந்த அளவிலேயே வந்து நிற்பதால், இந்த இரகங்களுக்கு நான் அதையே சொல்வேன்.

இருபால் மரத்தின் பூவைத் தன் மகரந்தத்தாலேயே சேர்த்தெடுத்த விதையில் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். குழிக்கு இரண்டு நாற்று வைத்தாலே ஒன்பதில் ஒரு குழியில்தான் பெண் மட்டும் மிஞ்சும், அதுவும் பக்கத்து மரங்களின் மகரந்தத்தால் காய்க்கும். விதைச் செலவும் ஆண் மரத்துக்கு ஒதுக்கும் இடமும் மிச்சம். கலப்பின விதையில் இந்த விகிதம் பெற்றோரைப் பொறுத்து மாறும்.

பூவை அடையாளம் காண்பது கடினமல்ல. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும், மெலிந்த குழல் போன்ற சிறு பூக்கள் ஆண். இலைக்கக்கத்தில் தண்டை ஒட்டி, அடிப்பக்கம் பருத்து நிற்கும் மொட்டு பெண். அதைப் பிரித்தால் ஐந்து இதழ்களும் ஏறக்குறைய அடிவரை தனித்தனியாக விரியும், உள்ளே உருண்ட சூலகம் மட்டும் இருக்கும். இருபால் மொட்டு நீளமானது. இதழ்கள் அடியில் ஒட்டியிருக்கும், மெலிந்த சூலகத்தைச் சுற்றி மகரந்தப்பைகள் தெரியும். ஒரு மொட்டைப் பார்த்ததும் அரிவாளை எடுக்காதீர்கள். ஒரே மரத்தில் இரண்டு மூன்று பூக்களைப் பிரித்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள். அவசரத்தில் நல்ல மரத்தை வெட்டிவிட்டு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இருபால் மரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை விதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. கடும் வெயிலில் அதன் சூலகம் வளராமல் போய், பூ ஆண் பூவைப் போலாகி உதிரும். மரத்தில் சில கணுக்கள் காயில்லாமல் வெறுமையாக நிற்பதை அப்போது பார்க்கலாம். குளிர் மிகுந்தால் மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டி, காய் கோணலாகும். பெண் மரம் இப்படித் தடுமாறாது. வெயில் கொளுத்தும் வேலூர்ப் பக்கத்தில் நடுபவர்கள் இதை மனத்தில் வைத்தே இரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சந்தையோ இருபால் மரத்தின் பக்கம். அதன் பழம் நீளமாக, சதை தடித்து, உள்கூடு சிறியதாக இருக்கும், பெட்டியில் அடுக்கவும் வசதி. பெண் மரத்துப் பழம் உருண்டையாக, உள்கூடு பெரிதாக இருக்கும். அதனால்தான் கோ.3, கோ.7 தோட்டங்களில் பெண்ணை நீக்கி இருபாலை வைக்கச் சொல்கிறார்கள். காயிலிருந்து பாலெடுத்துப் பப்பைன் என்னும் நொதியைத் தயாரிக்க நடுபவர்களுக்கு இந்த அழகெல்லாம் தேவையில்லை. கோ.5 போன்றவற்றை நடலாம்.

எந்த இரகமானாலும் பூப்பதற்கு முன்பே முழு உரத்தையும் கொட்டிவிடக் கூடாது. வேண்டாத மரங்களை நீக்கிய பிறகு, மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 50 கிராம் வீதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுவது பல்கலைக்கழகப் பரிந்துரை. நாளை வெட்டப்போகும் ஆண் மரத்துக்குப் போடும் உரம் வீண்தானே. நான்காம், எட்டாம் மாதங்களில் அரை சதவீத துத்தநாக சல்பேட்டுடன் 0.1 சதவீத போரிக் அமிலமும் தெளிக்க வேண்டும். தண்டைச் சுற்றி நீர் தேங்கவே கூடாது. தேங்கினால் அடித்தண்டு அழுகி, பாலினம் பார்க்கும் வேலையே இல்லாமல் போகும்.

வீட்டுக் கொல்லையில் ஒரே மரம் வைப்பவர்கள் இருபால் இரகத்தையே வாங்குங்கள், அதிலும் ஒரு குழியில் மூன்று நாற்று நட்டு, பூ பார்த்து, இருபாலாக உள்ள ஒன்றை நிறுத்துங்கள். எங்கள் கிணற்றடியில் நின்ற பெண் மரம் சில ஆண்டுகள் நன்றாகக் காய்த்தது. இரண்டு வீடு தள்ளி நின்ற ஆண் மரத்தை வெட்டிய பிறகு, அதன் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்தன.