பின் சக்கர வீல் சிலிண்டர்: திருமங்கலத்து நண்பருக்கு ஒரு பதில்

நான் ஓட்டும் அதே மாடல் காரைப் பழைய வண்டியாக வாங்கலாமா என்று திருமங்கலத்து நண்பர் கேட்டிருக்கிறார். விலை நன்றாக இறங்கிவிட்டதாம். இன்ஜின், மைலேஜ், ஏசி எல்லாம் அவர் அறிந்தவை, அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. சென்ற வாரம் மறுபடியும் பின் சக்கரத்தைக் கழற்ற வைத்த, அங்குள்ள டிரம் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

டிரம் பிரேக்குக்குரிய பாராட்டை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். மதுரையின் காளவாசல், கோரிப்பாளையம் நெரிசலில் நின்று நின்று ஓடி முன் டிஸ்க் பேடுகள் தேய்ந்து மாற்றப்பட்டபோதும் பின் ஷூக்களில் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த துண்டுகள்) லைனிங் என்னும் உராய்வுப் பட்டை தாராளமாக மிச்சம் இருந்தது. கொடைக்கானல் மலைச்சாலையின் ஏற்றத்தில் ஆளும் சாமானுமாக நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக் வண்டியை அசையவிடுவதில்லை. மழைநாளில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் முதல் சில மிதிகளுக்குப் பிடிப்பு மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

வீல் சிலிண்டர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உருளை. அதன் இரு முனைகளிலும் பிஸ்டன், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் உட்புறம் ஒரு ரப்பர் கப், கப்புகளுக்கு நடுவே ஸ்பிரிங், வெளியே தூசு புகாதிருக்க ரப்பர் உறை. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் குழாய் வழியே வந்து இரண்டு பிஸ்டன்களையும் வெளியே தள்ள, ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வளவு எளிய பொருள்தான், ஆனால் கெட்டுப்போவதை வெளியே சொல்லாமல் கெட்டுப்போகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைத்துச் சிறு குழிகளை உண்டாக்குகிறது. அந்தக் குழியின் விளிம்பு ரப்பர் கப்பின் உதட்டை அறுக்கிறது. கசியும் ஆயில் முதலில் உறைக்குள் சேர்ந்து, பிறகு லைனிங்கின் மேல் இறங்குகிறது. பிரேக் ஆயில் டேங்கில் மட்டம் கணிசமாகக் குறைந்த பின்னரே டேஷ்போர்டு விளக்கு எரியும். அதற்குள் ஷூ ஆயிலில் ஊறியிருக்கும். ஊறிய லைனிங்கைக் கழுவி மாட்டுவது வீண் வேலை. ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால், சிறிய பாகம் ஒன்றின் கோளாறுக்கு இரு பக்கச் செலவு வந்து சேர்கிறது.

என் கோபம் அதைவிட, முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பின் மேல்தான். "சிலிண்டர் நல்லாத்தான்ணே இருக்கு, கிட்டு மட்டும் போட்டாப் போதும்" என்று சொல்லி, உட்சுவரை உப்புத்தாளால் தேய்த்து, புது ரப்பர் மாட்டி அனுப்பினார்கள். நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருக்கும் சுவரில் புது ரப்பரும் பழைய ரப்பரின் கதிக்குத்தான் ஆளாகும், ஆளாகியும் விட்டது.

இம்முறை முழு சிலிண்டர், அதுவும் இரு பக்கமும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகும் டிரம் வரவில்லை. அதன் முகத்திலுள்ள இரு மரைத் துளைகளில் 8 மி.மீ. போல்டுகளை மாற்றி மாற்றி இறுக்கியபோது 'டக்' என்று விடுபட்டது. உள்ளே இருந்த தூசியை ஏர் அடித்து ஊதவிடவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் நனைத்தே துடைக்கச் சொன்னேன். சிலிண்டருக்கு ஆயில் கொண்டுவரும் குழாயின் நட்டுதான் வேலையில் சிக்கலான இடம். சாதாரண ஸ்பேனர் போட்டால் அதன் மூலைகள் மழுங்கும், அல்லது நட்டோடு குழாயும் முறுக்கிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். புது சிலிண்டரைப் பொருத்தும்போது, போல்டுகளை இறுக்குவதற்கு முன்பே குழாய் நட்டைக் கையால் சில சுற்றுகள் ஏற்றிவிட்டால் மரை கெடாது. ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக்கூடாது, உப்பிவிடும். கடைசியில் ஷூவை அட்ஜஸ்ட் செய்து, புது ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில் குமிழி வருவது நிற்கும் வரை ஏர் எடுக்க வேண்டும்.

இப்போது பெடல் கல்லைப் போல நிற்கிறது. இருந்தும், நண்பரே, இன்றைய மனநிலையில் என் பதில் வாங்காதீர்கள் என்பதுதான். பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டியைத் தேடுங்கள். அதிலும் பேடுகளை அழுத்தும் காலிப்பர் இறுகும், அது வேறு தலைவலி, ஆனால் குனிந்தால் கண்ணுக்குத் தெரியும். இல்லை, இதைத்தான் வாங்குவேன் என்றால், பின் டயர்களின் உட்பக்கத்திலும் டிரம்முக்குப் பின்னுள்ள தகடான பேக் பிளேட்டின் கீழ் விளிம்பிலும் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் டிரம்மைக் கழற்றச் சம்மதித்தால் ரப்பர் உறையின் விளிம்பை லேசாகத் தூக்குங்கள். ஆயில் வழிந்தால் இரண்டு சிலிண்டர், ஒரு செட் ஷூ, ஆயில், கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.